நடந்து வராத புள்ளிகள்

அலிபிரிப் படிக்கட்டில் பாதி தூரம் ஏறினால் கல்பனாவின் மோர்க்கடை வந்துவிடும். அதற்குள் எல்லாருக்கும் நாக்கு வறண்டு, ‘கோவிந்தா’ என்று சொல்லக்கூடக் குரல் எழும்பாது. ஒரு டம்ளர் மோர் உள்ளே போகட்டும், அப்புறம் பாருங்கள், மலையே அதிரும்!

அந்தக் கடைக்குத்தான் ஆபத்து வந்தது. வந்தவர் விஜயராகவன் சார். சுற்றுலா வருகிறவர்கள் எங்கெங்கே போகிறார்கள் என்று ஆராய்வது அவர் வேலை. செல்போன்கள் போகும் வழியெல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாகத் தெரியுமாம். யாருடைய போன் என்பது மட்டும் தெரியாதாம்.

“இந்தப் படியில புள்ளிங்க ரொம்பக் கம்மிம்மா. எல்லாரும் வண்டி ரோட்டுலதான் போறாங்க. தண்ணிக்குழாய், கடை எல்லாத்தையும் அங்கே மாத்தச் சொல்லி எழுதப்போறேன்” என்றார் அவர்.

கல்பனாவின் முகம் வாடிவிட்டது. பக்கத்தில் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்த மகள் ரக்ஷிதா நிமிர்ந்து பார்த்தாள். ஐந்தாம் வகுப்புதான், ஆனால் வாய் சும்மா இருக்காது. “இத்தினி பேரு மூச்சு வாங்கிக்கினு ஏறுறாங்களே சார், இவங்கல்லாம் பிசாசா?” என்று கேட்டாள்.

சார் சிரித்துவிட்டுத் திரையைக் காட்டினார். புள்ளிகள் கூட்டமாக ரோட்டில் ஏறின. மலைமேல் ஓர் இடத்தில் கால் மணி நேரம் நின்றன. அது ஏதோ முக்கியமான இடம், அங்கே பூங்கா அமைக்கலாம் என்றார் சார்.

ரக்ஷிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது டீக்கடையாயிற்றே!

படியேறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அடிவாரக் கவுண்டரில் பையையும் போனையும் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறுவார்கள். அவற்றை வேனில் மேலே கொண்டுபோகிறவர் ரக்ஷிதாவின் அப்பா மாசிலாமணி; அவளுக்கு நைனா. மலைமேல் போனதும், மூட்டைகளை இறக்குவதற்கு முன் அந்தக் கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடிப்பார். சர்க்கரையே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று ரக்ஷிதா நைனாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

சொன்னால் நைனா மாட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் கடை போய்விடும். பாவம், என்னதான் செய்வாள்! கொத்தமல்லிக் கட்டு தீரும்வரை யோசித்தாள்.

“சார், நாளைக்கு உங்க போனைக் கீழ கவுண்டர்ல குடுத்துட்டு என்னோட நடந்து வாங்க. எந்த வழியா வந்தோம்னு மேல போயி உங்க போனையே கேப்போம்” என்றாள்.

சாரும் சரி என்றார். மறுநாள் ஏறத் தொடங்கியவர் மோர்க்கடை வருவதற்குள் சட்டையைப் பிழியும்படி வியர்த்துவிட்டார். மடமடவென்று மூன்று டம்ளர் குடித்த பிறகுதான் பேச்சே வந்தது. ஒருவழியாக மலைமேல் போய்ச் சேர்ந்து போனை வாங்கித் திறந்தார். வந்த வழியைக் காட்டும் நீலக்கோடு ஜம்மென்று ரோட்டில் வளைந்து வளைந்து ஏறி, அவர் சொன்ன அதே முக்கியமான இடத்தில் கால் மணி நேரம் நின்றிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், டீக்கடை!

சார் போனைப் பார்த்தார். வலிக்கிற முழங்காலைப் பார்த்தார்.

“நான் டீயே குடிக்கிறதில்லையே!” என்றார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

இறங்கி வந்ததும் முதல் வேலையாகக் கல்பனாவிடம் தன் தப்பை ஒத்துக்கொண்டார். கடை இங்கேயேதான் இருக்கும், படி ஓரமாக இன்னும் நாலு தண்ணிக்குழாய் போடச் சொல்லி எழுதுவேன் என்றார். கல்பனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் போனில் காட்டிய, டீக்கடையில் நின்ற நீலக்கோட்டை உற்றுப் பார்த்தாள்.

“அது சரி, இங்க நின்னுக்கினு டீ குடிச்சது யாரு?”

ரக்ஷிதா சட்டென்று மரத்தில் குரங்கைத் தேடினாள். அன்று வீட்டில் நைனாவுக்கு நல்ல பாட்டு விழுந்தது. “நான் சொல்லல நைனா, போன்தான் சொல்லிச்சி” என்றாள் ரக்ஷிதா.

இப்போதெல்லாம் கல்பனா தன் போனில் நைனாவுடைய போனின் புள்ளியைப் பார்க்கிறாள். அது டீக்கடையில் நிற்பதே இல்லை. அவளுக்கு ரொம்பப் பெருமை.

சர்க்கரை போடாத டீ என்றால் வாயைத் திறக்கமாட்டேன் என்று நைனாவுக்கு ரக்ஷிதா புது வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதனால் நைனா மேலே போய் மூட்டைகளை இறக்கிவிட்டு, போனை வேன் சீட்டிலேயே வைத்துவிட்டு, டீக்கடைக்கு நடந்து போகிறார்.