ஈஸ்வரியின் கட்டம்

"ஈஸ்வரிய நல்லவளா மாத்தணும் சார்."

இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லியிருந்தார்கள். லீவு கேட்கலாம், நல்ல நாற்காலி கேட்கலாம், சம்பளம் கூட்டக்கூடக் கேட்கலாம். ஈஸ்வரியைப் பற்றி மட்டும் கேட்கக்கூடாது.

சூர்யபிரகாஷ் சார் நிமிர்ந்து பார்த்தார். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். ஃபேன் ஓடவில்லை. அந்த நடுமத்தியானத்தில் அவர் முகம் முழுக்க வேர்வை. நான் கேட்ட பிறகுதான் அது அதிகமானது மாதிரி இருந்தது.

நான் இங்கே வந்தது ஆனி மாதம். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயிலுக்குப் போகிற ரோட்டில் பழைய ஸ்பின்னிங் மில். மூடி வெகுகாலம். மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். வேலை பார்த்த பெண்பிள்ளைகள் தங்கியிருந்த ஹாஸ்டலை மட்டும் வெள்ளையடித்து, கம்ப்யூட்டர்களை இறக்கி, அப்பாவின் மில்லை மகன் சூர்யபிரகாஷ் சார் கேம் கம்பெனி ஆக்கிவிட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் நான். தமிழ் படித்தவளுக்கு கேம் கம்பெனியில் என்ன வேலை என்று எங்கள் ஊர் சுந்தரபாண்டியத்தில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. பழைய மில் ஒன்றில் கதை எழுதுகிற வேலை என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். ராஜபாளையத்தில் மில்லுக்கா பஞ்சம், எந்த மில் என்று அவள் கேட்கவில்லை.

வந்த அன்று முதலில் என் கண்ணில் பட்டது கதவு. உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. வெளிப்பக்கம் முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புத் தாழ்ப்பாள். ப்ரோகிராமர் ஸ்டெபினிடம் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைய ஹாஸ்டல்லா. வார்டன் வெளிய பூட்டிட்டுப் போவாவளாம்" என்றான். "இப்ப நம்மள யாரும் பூட்ட மாட்டாவ. நாம ஓடுனா அவ்வளவு நட்டமில்ல பாத்துக்கோ."

எங்கள் கேமின் உலகம் மழை செத்துப்போன கரிசல் காடு. ஒரு குடம் தண்ணீருக்காகக் கூடப்பிறந்தவனையும் விற்கிற ஜனங்கள். அந்த உலகத்தில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு குணத்தைப் பொருத்துவதுதான் என் வேலை. திரையில் ஒன்பது கட்டம் இருக்கும். குறுக்கே நல்லவர், ரெண்டுங்கெட்டவர், கெட்டவர். நெடுக்கே முறைக்கு அடங்கியவர், சமயம் பார்ப்பவர், யாருக்கும் அடங்காதவர். ஒரு ஆளை எந்தக் கட்டத்தில் வைக்கிறேனோ அதுதான் அவன் தலையெழுத்து. நல்லவரைக் கொன்றால் ஆடுகிறவனுக்குப் பாவம் ஏறும், ஊர்க் கிணறு வற்றும். கெட்டவரைக் கொன்றால் ஒன்றுமே ஆகாது.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லிக்கொண்டு கிணற்றைப் பூட்டிவைத்த பெரிய மனுஷனை, முறைக்கு அடங்கிய கெட்டவனாக வைத்தேன். பிள்ளைக்காகத் தண்ணீர் திருடியவனை அடங்காத நல்லவனாக வைத்தேன். ஸ்டெபின் சண்டைக்கு வருவான். நான் விடமாட்டேன்.

ஈஸ்வரி கிணற்றடியில் நிற்பவள். கெட்டவள், அடங்காதவள். கட்டத்தின் கடைசி மூலை. தண்ணீரில் விஷம் கலப்பவள் என்று ஒரே ஒரு வரி. எனக்கு முன்னாலேயே அவளை அங்கே வைத்துப் பூட்டுப் போட்டிருந்தார்கள். கேமை ஆடிப் பார்த்துச் சோதிக்கும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் முதலில் அவளைத்தான் வெட்டுவார்கள். கணக்கில் வராத கொலை. கை பழகுவதற்கு.

வெட்டுப்படும்போது அவள் கத்தமாட்டாள்.

அறைக்குள் ஒரு வாடை மட்டும் வரும். பஞ்சு கருகுகிற வாடை.

ஆரம்பத்தில் ஸ்டெபின் எழுந்துபோய் ஒவ்வொரு வயராக மோந்து பார்ப்பான். பிறகு அதை விட்டுவிட்டான். வாடை வந்தால் சட்டைப்பையில் இருக்கிற ஜெபமாலையைத் தொட்டுக்கொள்வதோடு சரி.

போன வாரம் ஒரு மத்தியானம் நான் அவளை வெட்டாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விஷம் எதுவும் கலக்கவில்லை. கிணற்றடியிலிருந்து ஊர் வாசல்வரை நடந்தாள். வாசற்கதவின் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தாள். யாரோ வெளியே வரட்டும் என்பது போலச் செத்த நேரம் ஒதுங்கி நின்றாள். பிறகு கிணற்றடிக்குத் திரும்பினாள். மறுபடியும் நடந்தாள்.

ஸ்டெபினைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் திரைக்கு அருகே குனிந்தான்.

"இப்படி நடக்க ஒரு ப்ரோகிராம் நாங்க எழுதவே இல்ல, அனு."

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போது அம்மாவிடம் இதை வேடிக்கை போலத்தான் சொன்னேன். என் அம்மா நாகஜோதி எதற்கும் அசராதவள். ஈஸ்வரி என்ற பேரைச் சொன்னதும் அவள் கை தட்டிலேயே நின்றது.

"நெத்தியில தழும்பு இருக்கா?"

இருந்தது. இடது புருவத்துக்கு மேலே, பிறை மாதிரி.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா மில் வேலைக்குப் போனாள் என்பது தெரியும். எந்த மில் என்று நானும் கேட்டதில்லை. இதே மில்தான், இதே ஹாஸ்டல்தான் என்று அம்மா சொல்ல ஆரம்பித்தாள். ஹாஸ்டலை ஒட்டியிருந்த பஞ்சு குடோனில் தீப்பிடித்திருக்கிறது. பிள்ளைகள் உள்ளே, தாழ்ப்பாள் வெளியே. தேவதானத்திலிருந்து வந்த ஈஸ்வரிதான் குளியலறை ஜன்னல் வழியாக நுழைந்து வெளியே குதித்துக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். உள்ளே இன்னும் ஒருத்தி நிற்கிறாள் என்று சத்தம் கேட்டுத் திரும்பப் போனவள் வரவில்லை. மறுநாள் மில்லிலிருந்து ஆட்கள் வந்து ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லிக்கொடுத்தார்களாம். ஈஸ்வரி அடங்காத பிள்ளை, தடுத்தும் கேட்காமல் அடுப்புப் பற்றவைத்தாள், அவளால்தான் தீ. எல்லாரும் அப்படியே போலீஸில் சொல்லியிருக்கிறார்கள்.

"நானுந்தாம்ட்டி சொன்னேன்" என்றாள் அம்மா.

எங்கள் பக்கம் கல்யாணமாகாமல் செத்த பெண்ணை வீட்டுக்கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை புதுப் பாவாடை தாவணி எடுத்து ஓலைப்பெட்டியில் வைத்துப் படைப்பார்கள். தேவதானத்தில் ஈஸ்வரி வீட்டில் அந்தப் பெட்டி இல்லை. கூட இருந்த பிள்ளைகளைத் தீயில் மாட்டிவிட்டவள் என்று ஊர் நம்புகிறவளை எப்படிக் கன்னி என்று கும்பிடுவது? கும்பிட்டால் தெய்வம். கும்பிடாவிட்டால் பேய். அவளை எந்தக் கட்டத்தில் வைப்பதென்று இந்த மில்தான் முடிவுபண்ணியது.

அடுத்த வாரம் கேம் வெளியே போகிறது. அதற்குப் பிறகு ஊர் உலகமெல்லாம் அவளை வெட்டும். அதனால்தான் இன்றைக்கே கேட்டேன்.

"யார் உன்கிட்ட என்ன சொன்னா?" என்றார் சூர்யபிரகாஷ் சார்.

"எங்கம்மா. இந்த ஹாஸ்டல்ல இருந்தவ."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். கம்பெனி ஆரம்பித்த புதிதில், படம் வரைகிற ஞானராஜ் யாரை வரைந்தாலும் அதே முகம்தான் வந்ததாம். கிழவனை வரைந்தாலும் அந்தத் தழும்பு. அவன் வேலையை விட்டே ஓடிவிட்டான். அப்போது சாரின் அப்பா உயிரோடிருந்தார். அவர்தான் பேய் ஓட்டுகிற கோடாங்கியைக் கூட்டிவந்தார். பேரைச் சொல்லி, கெட்டவள் என்று சொல்லி, ஓரிடத்தில் நிறுத்துங்கள், நிறுத்திய இடத்தில் நிற்பாள் என்று கோடாங்கி சொல்லியிருக்கிறான். மற்றவர்கள் புளியமரத்தில் ஆணி அடித்து நிறுத்துவார்கள். இவர்கள் கட்டத்தில் அடித்துவிட்டார்கள்.

"அவள நல்லவன்னு எழுதிட்டா எங்கப்பா யாரு?" அவர் இப்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவர எந்தக் கட்டத்துல வைக்கச் சொல்லுற?"

"அவ நிக்கிற மூல காலியாத்தான சார் ஆவும். அங்கன வையுங்க."

ஜோலியைப் பார், இல்லாவிட்டால் எழுந்து போ என்றார். நான் நேராக என் இடத்துக்குப் போனேன். யூ.பி.எஸ். விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஸ்டெபின் மட்டும் என் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். ஈஸ்வரியின் பூட்டை எடுத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டான்.

கடைசி மூலையிலிருந்து அவளை இழுத்து நல்லவர் வரிசையில் வைத்தேன். அடங்காதவள் என்பதை மாற்றவில்லை. அது பொய் இல்லை.

யூ.பி.எஸ். நின்றது.

திரைகள் எல்லாம் ஒவ்வொன்றாக இருண்டன.

என் முன்னால் இருந்தது மட்டும் இருளவில்லை.

அதில் ஈஸ்வரி திரும்பினாள். இதுவரை அவள் எங்கள் பக்கம் பார்த்ததே கிடையாது. தழும்புக்குக் கீழே இமைகள் பொசுங்கியிருந்தன. ஞானராஜ் அப்படி வரையவில்லை.

பின்னால் இரும்பு இரும்பில் உரசியது.

எங்கள் கதவு. வெளித் தாழ்ப்பாள்.

வாடை மெதுவாக வந்து அறையை நிறைத்தது. தொண்டையில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. மேலேயிருந்து என் கீபோர்டில் ஏதோ விழுந்தது. தொட்டால் பொடியாகிற கருப்புப் பஞ்சு. பிறகு இன்னொன்று. சார் அறையிலிருந்து ஓடிவந்து கதவை இடித்தார். ஸ்டெபினும் தோளைக் கொடுத்தான். கதவு அசையவில்லை. அவளா பூட்டினாள், அந்தக் கதவே பழைய ஞாபகத்தில் பூட்டிக்கொண்டதா, எனக்குத் தெரியவில்லை.

"சொல்லுங்க சார்" என்றேன். "அவ யாருன்னு உங்க வாயால சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. மூச்சுத் திணறியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றார்.

நான் கதவில் வாயை வைத்துச் சொன்னேன். "ஈஸ்வரி நல்லவ. எங்கம்மாவ வெளிய விட்டவ."

 பிறகு மறுபக்கம் தாழ்ப்பாள் நகர்ந்தது. கனமானதைச் சின்னக் கை இழுக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி.

கதவு திறந்தது. வெளியே வெயில். ஆள் யாருமில்லை.

ஸ்டெபின் பையைக்கூட எடுக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சூர்யபிரகாஷ் சார் வாசலில் நின்று இருமினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கரண்ட்டு வரட்டும். பழையபடி மாத்திருவேன்."

அவ்வளவுதான் சொன்னார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்த மனுஷன் சொன்ன முதல் வார்த்தை அது.

என் பையை எடுத்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஒரு பாவாடை தாவணி எடுக்க வேண்டும். சிவப்பு எடுக்கலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு தேவதானம் போக வேண்டும். போலீஸில் சொன்னதை அந்த வீட்டு வாசலில் நின்று அவள் மாற்றிச் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் நான் சொல்வேன். இந்த வேலைக்கு இனி வரப்போவதில்லை என்று யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் பிடித்தேன். சுட்டது. கையில் கரி ஒட்டியது.

போட்டேன்.

உட்கார்ந்து பார்க்கட்டும் என்றுதான் போட்டேன். எவ்வளவு நேரம் என்று யோசிக்கவில்லை. அவர் கதவைத் தட்டியது கேட்டது. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. என்னை எந்தக் கட்டத்தில் வைப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தும் நான் நிற்கவில்லை.

கேட்டைத் தாண்டுவதற்குள் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

பிறகு இரும்பு நகர்ந்தது. நிறுத்தி நிறுத்தி.

பூட்டியது நான்தான். திறந்தது நான் இல்லை. திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் இறங்கி நடந்தேன்.