உக்கிரபாண்டி திரித்த கயிறு

மாரியூரிலிருந்து கடலோரமாக மேற்கே ஒரு மைல் நடந்தால் அந்த வேட்டை பங்களா வரும். 1951-ஆம் வருஷம், ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். கையில் ஒரு தோல் பை. பைக்குள் ஆறு நாய்களைக் கொல்லப் போதுமான விஷம்.

என் பெயர் ஹமீது சுல்தான். சொந்த ஊர் கீழக்கரை. அண்ணன்மார் இரண்டு பேரும் கொழும்பில் கடை வைத்துச் செழித்திருக்க, நான் சாயல்குடிப் பக்கம் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். 'மாட்டுக்கு ஊசி குத்துறவன்' என்பதுதான் குடும்பத்தில் எனக்குப் பட்டம். மனைவி சபியா தலைப்பிரசவத்தில் மவுத்தாகி மூன்று வருஷமாகியிருந்தது. பிள்ளையும் தங்கவில்லை. அண்ணன் முறையில் நான் 'காக்கா' என்று கூப்பிடும் வாவு முகம்மது என்பவருடைய வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை எடுத்து, நானே பொங்கி, நானே தின்று, நானே சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். பெருநாளைக்கு வா என்று ஒரு கடுதாசி கூட வராது. அழுது காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

பங்களா ஒரு சின்ன ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. சர்க்கார் ஜமீன்களை எடுத்துக்கொண்டதும் அந்தக் குடும்பம் மெத்தை, கிராமபோன், கண்ணாடி அலமாரி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டது. முயல் விரட்டப் பழக்கிய சிப்பிப்பாறை நாய்களை மட்டும் ஏற்றவில்லை. மறந்தார்களா, மனசில்லையா, அல்லாவுக்கே வெளிச்சம். நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்த உக்கிரபாண்டி என்ற ஆள் மட்டும் கூடவே தங்கி, கேப்பைக் கூழ் காய்ச்சி ஊற்றி வந்திருக்கிறான். சித்திரையில் அவனும் செத்துப்போனான். பசி தாங்காத நாய்கள் ஊர் ஆடுகளைப் பிடித்தன. மனு மேல் மனு போனது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஆறு நாய்களையும் ஒழித்துவிடும்படி எனக்கு உத்தரவு வந்தது.

இதற்கு முன்னால் ஓர் ஊரில் பதினொரு தெருநாய்களுக்கு நான் விஷ உருண்டை வைத்திருக்கிறேன். அதில் ஒன்று சாகிற நேரத்தில் என் காலை நக்கியது. மார்க்கம் சொன்னபடி ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் போட்டுக் கழுவினேன். கால் சுத்தமாகிவிட்டது. ஆனால் ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் மாரியூருக்கு வரும்போதே தீர்மானம் செய்திருந்தேன். எட்டு நாள் இருக்கிறது. ஆறு நாய்க்கும் வீடு பார்த்துவிட வேண்டும். எந்த நாயும் வெள்ளிக்கிழமை இந்த பங்களாவில் இருக்கக் கூடாது. இருந்தால் சாவுதான்.

பங்களாவைச் சுற்றி உடைமரக் காடு. கடல் இரைச்சலைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. முற்றத்துப் புங்கமரத்தடியில் ஆறு நாய்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி, விலா எலும்பை எண்ணிவிடலாம். ஒரு கிழட்டுப் பெட்டைக்கு ஒரு கண் பூத்திருந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் கத்தாழை நாரில் திரித்த கயிறு, கயிற்றில் ஊடாக ஒரு சிவப்புத் துணி இழை. ஆறு கயிறும் தரையில் ஓடி மரத்தடியில் ஓர் இடத்தில் கூடின.

அங்கே எதிலும் கட்டியிருக்கவில்லை.

நான் குனிந்து நுனிகளை அள்ளினேன். வரவில்லை. வேரில் சிக்கியிருக்கும் என்று நினைத்து மறுபடி இழுத்தேன். பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் யோசித்து, மனமில்லாமல் விட்டது போல, மெல்ல என் கைக்கு வந்தன.

"விட்டுட்டாரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

இடிந்த சுவரோரம் ஒரு பெண் ஆடுகளோடு நின்றிருந்தாள். பக்கத்துக் குடிசைக்காரி, பஞ்சம்மாள். மருந்து வைக்க வந்தவன் என்று என்னை முறைத்தவள், நாய்களுக்கு வீடு தேடப் போகிறேன் என்றதும் கிட்டே வந்தாள்.

"அந்த மனுசன் ஆறு கயித்தையும் கையில சுத்திக்கிட்டு இங்கனதான் செத்துக் கெடந்தாரு. விரலைப் பிரிக்க முடியல. கயித்தை அறுத்துத்தான் தூக்குனாக."

"சிவப்புத் துணி எதுக்குத் தாயி?"

"அது அவரு தலைத்துண்டு. வேட்டையில அடிபட்டது, கெழடு தட்டுனது, எவனும் வேணாம்னு தள்ளுன நாயைத்தான் கூட்டியாருவாரு. வந்த அன்னைக்கே அதுக்குன்னு ஒரு கயிறு திரிச்சு, துண்டுல ஒரு இழையைப் பிச்சு அதுல வப்பாரு. கழுத்துல மாட்டிட்டு, 'இனிமே நீ எங்கிட்ட வந்துட்ட'ன்னு சொல்லுவாரு. புள்ளைக்குச் சொல்ற மாதிரி."

"அவருக்குச் சொந்தபந்தம்?"

"இதுகதான்."

அந்த ஒரு வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்தியது.

மூன்று நாள் நாயாய் அலைந்தேன், அந்த வேலைக்கு அதுதான் பொருத்தம். மிளகாய்க் கொல்லையில் பன்றி விழுகிறது என்று குருநாதன் என்ற சம்சாரி ஒன்றைக் கேட்டார். மாரியூர்க் கரையில் வலை காவலுக்கு மூன்று போயின. புதுமடத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த என் தூரத்து உறவு சீனி முகம்மது, "காவலுக்கு நாய் வச்சா மார்க்கத்துல தடை இல்ல, கொண்டாங்க" என்று சொன்னதால் ஒன்றை மீன் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டேன். ஒவ்வொன்றையும் அதன் கயிற்றைப் பிடித்தே கூட்டிப்போய், கயிற்றோடு கையில் கொடுத்தேன். மிஞ்சியது ஒற்றைக்கண் பெட்டை மட்டும்.

திங்கட்கிழமை உச்சிப்பொழுதில் அதற்குக் கூழ் எடுத்துக்கொண்டு போனேன்.

மரத்தடியில் ஆறு நாய்கள் உட்கார்ந்திருந்தன.

நாற்பது மைலுக்கு அப்பால் புதுமடத்தில் விட்டதும் அதில் ஒன்று. பாதமெல்லாம் ரத்தம். அப்படியும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆறும் ஆட்டின. ஆறு வாலும் மண்ணில் தப் தப்பென்று அடித்தன. எனக்காக ஆட்டவில்லை, என் பக்கம் ஒன்று கூடத் திரும்பவில்லை. ஆள் இல்லாத அந்த மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தன. புளித்த கேப்பைக் கூழின் வாசனை வந்தது. என் தூக்குச்சட்டி இன்னும் மூடித்தான் இருந்தது.

உக்கிரபாண்டி கூழ் காய்ச்சிய அடுப்படிக்குப் போய்ச் சாம்பலைத் தொட்டேன்.

சுட்டது.

"தோ... தோ..."

கரகரத்த ஆண் குரல். முற்றத்திலிருந்து வந்தது. நான் வெளியே வந்தபோது நாய்கள் எழுந்து நின்றிருந்தன. கயிறுகள் ஆறும் தொய்வில்லாமல் விறைத்திருந்தன.

தூக்குச்சட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நான் மூச்சிரைக்கச் சொன்னதையெல்லாம் பஞ்சம்மாள் சாவகாசமாகக் கேட்டுவிட்டு, "மாட்டை விக்கிறவன் கயித்தோடயா குடுப்பான்? ஆஸ்பத்திரிக்காரவுகளுக்கு நான் சொல்லணுமா?" என்றாள்.

தலையில் அடித்துக்கொண்டேன். சந்தையில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். மாடு கைமாறும்போது விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான். வாங்கியவன் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டுவான். பழைய கயிறு மாட்டோடு போனால் பழையவனுடைய உரிமையும் அதோடு ஒட்டிக்கொண்டே போகும் என்பார்கள். நாய்தானே என்று நான் அதை யோசிக்கவே இல்லை.

மறுநாள் சாயல்குடிக் கடையில் ஆறு புதுக்கயிறு வாங்கி வந்தேன். பழையதை அவிழ்க்கும்போது ஒவ்வொரு நாயும் உடம்பெல்லாம் நடுங்கியது. மறுபடி அதே வீடுகளில் கொண்டுபோய் விட்டேன். ஒற்றைக்கண் பெட்டையை யாரும் கேட்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பஞ்சம்மாளே அதன் புதுக்கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டாள். "ஆட்டைப் பாக்க ஒரு கண்ணு போதும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி துப்பாக்கியோடு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். முற்றம் காலியாகக் கிடந்தது. அன்றைக்கு நான் தொழுத தொழுகை போல் அதற்கு முன்னும் பின்னும் தொழுததில்லை.

கிளம்பும்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். அவிழ்த்த ஆறு கயிறுகளையும் சுருட்டிப் பையில் வைத்தேன்.

"அதுகளை மரத்தடியில போட்டுட்டுப் போங்கய்யா" என்றாள் பஞ்சம்மாள்.

"கொடுத்தவன்தான தாயி கயித்தைக் கொண்டுபோகணும்? அதான முறை?"

"குடுத்தது நீங்க. கயிறு உங்களுதா?"

சிரித்துவிட்டு நடந்தேன். உண்மையைச் சொன்னால், முறை என்பது ஒரு சாக்கு. என் அறையில் ஓர் உயிர் இருந்ததற்கான அடையாளமாக எதுவுமே கிடையாது. அந்தக் கயிறுகளாவது ஆணியில் தொங்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

மறுநாள் உச்சிப்பொழுது. சோற்றைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். அறையில் புளித்த கூழ் வாசனை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஆணியில் நேராகத் தொங்கிய கயிறுகள் வாசல் பக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றன. காற்று இல்லை.

"எங்க?"

காதுக்கு ஒரு முழம் தள்ளி, கிசுகிசுப்பாக.

ஓதத் தெரிந்ததெல்லாம் ஓதினேன். வாசனை போகவில்லை. கயிறுகள் இறங்கவில்லை.

"எங்க?"

பிறகு, பயத்திலா பரிதாபத்திலா என்று இன்றைக்கும் தெரியாது, பதில் சொன்னேன்.

"ஒண்ணு குருநாதன் கொல்லையில. மூணு மாரியூர்க் கரையில, வயிறு நிறைய மீன் திங்குது. ஒண்ணு புதுமடம் தோப்புல, கால் புண்ணுக்கு மருந்து போட்டாச்சு. கண்ணு தெரியாதது பஞ்சம்மாகிட்ட. எல்லாம் நல்லா இருக்கு."

கயிறுகள் மெல்லக் கீழே இறங்கின.

அன்று முதல் தினமும் அதே நேரத்தில் அதே கேள்வி. பொய் சொன்னால் தெரிந்துவிடும் போலிருந்தது. அதனால் மாதம் ஒரு தடவையாவது நாய்களைப் பார்த்துவிட்டு வருவேன். இரண்டு தடவை மாற்றல் உத்தரவு வந்தது, கெஞ்சிக் கூத்தாடி ரத்துச் செய்ய வைத்தேன். போகப்போகப் பயம் போய்விட்டது. மத்தியானமானால் என்னிடம் ஒரு கேள்வி கேட்க ஆள் இருந்தது. சபியா போனபிறகு அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஐம்பத்து மூன்றில் ஒரு நாள் ஆணியில் ஐந்து கயிறுகள்தான் இருந்தன. பூட்டிய அறை, தேடாத இடமில்லை. சாயங்காலம் பஞ்சம்மாள் வந்து ஒற்றைக்கண் பெட்டை அன்று காலையில் செத்துப்போனதாகச் சொன்னாள். நோயில்லை, மரத்தடி வரைக்கும் தானே நடந்துபோய்ப் படுத்துக்கொண்டதாம். அதற்குப் பிறகு முதலில் கயிறு காணாமல்போகும், பின்னால் சாவுச் செய்தி வரும். அவன் ஒவ்வொன்றாகக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தான். கடைசிக் கயிறு இந்த வருஷம், அறுபத்தொன்று, தை மாதம் போனது. குருநாதன் கொல்லையில் இருந்த நாய்.

மறுநாள் மத்தியானம் சோற்றை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கூழ் வாசனை வரவில்லை. யாரும் கேட்கவில்லை. வெறும் ஆணியைப் பார்த்து நானாகவே, "எல்லாம் வந்து சேந்துருச்சா?" என்று கேட்டேன். பதில் இல்லை. நாற்பது நாள் அப்படியே போனது. பயந்த நாட்களில் நான் அழவில்லை, அந்த நாற்பது நாளும் அழுதேன். எனக்கென்று இருந்த ஒருவனும் போய்விட்டான் என்று வாய்விட்டே சொல்லி அழுதேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

நேற்று மத்தியானத் தொழுகை, லுஹர், தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து திரும்பினேன். முன்கட்டில் வாவு முகம்மது மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"தம்பி, ரூமுக்குள்ள யாரை வச்சிருக்கிய? ஒரே நாய் வாடை."

"யாருமில்லையே காக்கா. பூட்டித்தான போனேன்."

"பேச்சுக்குரல் கேட்டுச்சே. கரகரன்னு ஒரு ஆம்பளைக்குரல். புள்ளைக்கிட்ட பேசுற மாதிரி."

"என்ன பேசுச்சு?"

"ஒண்ணுதான் வெளங்குச்சு. இனிமே நீ எங்கிட்ட வந்துட்டன்னு."

பூட்டைத் திறந்தேன். ஆணியில் ஒரு கயிறு தொங்கியது. புதுக் கயிறு. கத்தாழை நாரின் பச்சை வாசனை போகவில்லை, தொட்டால் விரலில் ஈரம் ஒட்டியது. ஊடாக ஒரு சிவப்பு இழை. சுருக்கின் அளவைப் பார்த்தேன். எந்த நாயின் கழுத்துக்கும் அது பெரிது.

ராத்திரி முழுக்க வாசலில் உட்கார்ந்தே விடிந்தது. இப்போது மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. கடலில் எறிந்துவிட்டு அப்படியே கீழக்கரைக்குப் பஸ் ஏறிவிடலாம் என்று சற்று முன்னால் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.

ஆணியில் சிக்கியிருக்கும் என்று மறுபடி இழுத்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால், புங்கமரத்தடியில், அவன் யோசித்து விட்டுக்கொடுத்தான்.

இந்தத் தடவை விடவில்லை.