இயல்பு அளவு

பதினோரு மாதிரிகளில் பத்து எப்படி இருக்கும் என்று உமாமகேஸ்வரிக்கு முன்பே தெரியும். மூடிக் கிடக்கும் சாயத் தொழிற்சாலையைச் சுற்றிப் போட்ட ஆழ்குழாய்களில் எடுத்த தண்ணீர் அது. பாட்டிலைத் திறந்தாலே நெயில் பாலிஷ் வாடை அடிக்கும். பதினோராவதுதான் நல்ல தண்ணீர், அதற்கு நேராகப் பூஜ்யம் இருக்க வேண்டும். ஆய்வுக்கூடம் அனுப்பிய தாளில் ரசாயன அளவு இருநூற்றுப் பத்து என்று இருந்தது.

பதினோராவது மாதிரியை அவள் தன் வீட்டு அடிபம்பில் எடுத்திருந்தாள்.

காலையிலிருந்து விடாத கார்த்திகை மழை. காரைக்காலில் அந்த ஆலோசனை நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையில், நனைந்த சுண்ணாம்பின் வாசமும் ஆறிப்போன டீயின் வாசமும் கலந்து நின்றன. ஜன்னல் தகரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் ஒரே அளவாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. உமா தாளை மறுபடி பார்த்தாள். இருநூற்றுப் பத்து. தொழிற்சாலைக் கிணறுகளிலும் ஏறக்குறைய அதே எண்.

மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தம் செய்யத் திட்டம் போடுபவர்களுக்கு முதலில் ஒரு கெடாத தண்ணீர் வேண்டும். அந்தப் பகுதியில் இயல்பாக எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குக் கொண்டுவந்தால் போதும் என்பதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படை. நிலத்தடி நீர் கடலைப் பார்த்து ஓடுகிறது, உன் வீடு தொழிற்சாலைக்கு மேற்கே மேட்டில் இருக்கிறது, அங்கேயே எடுத்துவிடு என்று சொன்னவர் அவள் மேலதிகாரி சிவநாதன் சார். அவளும் முறைப்படியே எடுத்தாள். குழாயில் தேங்கியதை வெளியேற்ற நூறு முறை அடித்துவிட்டுத்தான் பாட்டிலைப் பிடித்தாள். மகள் அல்லி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். எழுபதுக்கு மேல் குழம்பிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். அன்றோடு கேன் தண்ணீர் வாங்குவதை நிறுத்தியவளும் உமாதான். திட்டத்துக்கே அளவுகோலாக வைத்த தண்ணீர், அதைவிட நல்ல தண்ணீர் எது என்று கணவன் கலைவாணனிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

"சார், பதினொண்ணுல என்னமோ தப்பு. லேபிள மாத்தி ஒட்டிட்டாங்க போல."

எதிர் மேஜையில் இருந்த சிவநாதன் தலையைத் தூக்கவில்லை. "லேபிள் சரிதாம்மா. அதான் நம்ம இயல்பு அளவு. எல்லாக் கெணத்துலயும் அவ்வளவுதானே இருக்கு. அப்ப அங்க சுத்தம் பண்ண என்ன இருக்கு?"

"அது எங்க வீட்டுத் தண்ணி சார்."

"தெரியும்மா."

அவர் ஒரு பழைய ஃபைலை அவள் பக்கம் தள்ளினார். அதிலும் ஒரு சோதனைத் தாள் இருந்தது. அவள் வீட்டு அடிபம்பு, நூற்றெண்பது. தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது, அல்லிக்குக் காது குத்திய நாள். அன்று இவர் பட்டுப்பாவாடையும் பழமுமாக வந்து, தாய்மாமன் போல முன்வரிசையில் உட்கார்ந்தார். எங்கள் தெருத் தண்ணீர் ஒரே உப்பு என்று சொல்லி, போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். சாப்பிடும்போது அவர் கேன் தண்ணீர்தான் கேட்டு வாங்கிக் குடித்தார் என்பது உமாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

"கோடையில மேக்கால போர்வெல் ஓடுதுல்ல. அந்த இழுப்புல ஃபேக்டரி கழிவு கொஞ்சம் கொஞ்சமா மேல வந்துருச்சு. வேற எடத்துல எடுத்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நீ எடுத்து நீயே கையெழுத்துப் போட்டா எவனும் கேக்க மாட்டான். சொந்த வீட்டுத் தண்ணியப் போய் யாரு சந்தேகப்படுவா?"

பத்து வருடமாக இந்த மனிதர் கைகாட்டிய இடத்தில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவள் அவள். போனை எடுத்துக் கலைவாணனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, பம்புத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. அல்லிக்குக் குடுக்காதீங்க."

"குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கோம்," என்றான் நிதானமாக. "மத்தியானத்துலேர்ந்து ஒரே தாகம்."

அவன் குரலுக்குப் பின்னால் அடிபம்பு ஏறி இறங்கும் சத்தம் கேட்டது.

"யாரு அடிக்கிறா? அல்லியா?"

"அல்லி என் பக்கத்துல உக்காந்திருக்கா."

"அப்ப யாருங்க அடிக்கிறது?"

பம்பு நிற்கவில்லை. "யாரும் அடிக்கலியே உமா," என்று சொல்லி வைத்துவிட்டான்.

மண்டபத்தூர் சாலையில் ஸ்கூட்டியை விரட்டினாள். மணி ஆறுதான் இருக்கும், அதற்குள் இருட்டு இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் தாளடி நெல்வயல்கள் தண்ணீர் கட்டி நின்றன, தவளைகள் கத்த வேண்டிய பருவத்தில் ஒன்றுகூடக் கத்தவில்லை, மழையின் ஈர மண்வாசத்துக்கு அடியிலிருந்து அந்த நெயில் பாலிஷ் இனிப்பு மெல்ல மேலேறி மூக்கில் ஒட்டிக்கொண்டது. முதலில் மழைக்கோட்டில் படிந்த வாடை என்று நினைத்தாள். கோட்டைக் கழற்றி வயலில் வீசினாள். வாடை கூடவே வந்தது. சாலைக்கு அடியில், மணலுக்கு அடியில், அவள் போகும் திசையில், அவள் வேகத்திலேயே ஏதோ போய்க்கொண்டிருப்பதைச் சக்கரத்தின் வழியாக உணர்ந்தாள். மேட்டைப் பார்த்து ஏறுவது போல.

தொண்டை வறண்டது. எச்சில் விழுங்கினாள். எச்சில் இனித்தது.

வீட்டில் கரண்ட் இல்லை. வாசல் கதவு திறந்தே கிடந்தது. கூடம் முழுக்க அண்டா, குடம், தவலை, டம்ளர், அல்லியின் ஸ்கூல் பாட்டில் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிலும் தண்ணீர் இல்லை. உள்புறம் துடைத்தது போலக் காய்ந்திருந்தது.

"அல்லி."

கொல்லைப் பக்கம் பம்பு மட்டும். ஏறி. இறங்கி. ஏறி.

ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டும். முடியாவிட்டால் பிள்ளையையாவது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதற்குத்தானே வந்தாள். கால் நகர்ந்தது. ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாகம். இப்படி ஒரு தாகம் அவளுக்கு வந்ததே இல்லை.

கொல்லைக் கதவைத் தள்ளினாள்.

மழை நின்றிருந்தது. அடிபம்பின் கைப்பிடி தானாக ஏறியது. தானாக இறங்கியது. குழாய் வாய் நிறையத் தண்ணீர் கொட்டியது. விழும் சத்தம் இல்லை.

கீழே அல்லி சம்மணமிட்டு, தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து வைத்திருந்தாள். கண் இமைக்கவில்லை. தொண்டை அசையவில்லை. கொட்டுவது அத்தனையும் உள்ளே போனது. அவளைச் சுற்றித் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

கொஞ்சம் தள்ளிக் கலைவாணன் அதே மாதிரி உட்கார்ந்து, வாயைத் திறந்து, தன் முறைக்குக் காத்திருந்தான்.

இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.