அளவெடுத்துக் கட்டிய வண்டி

"ஏண்டி... துணி அலசுற பேசின்ல மண்ணெண்ணெய ஊத்தி வச்சது யாரு? நீதானே?"

காலை ஆறரை மணிக்கே மாமியாரின் குரல் சமையலறையைத் தாண்டி வாசல்வரை போய்விட்டது. நேற்று வண்டிச் செயினைக் கழுவிய பேசின் அது. மருமகள் அதைத் தூக்கிக்கொண்டாள்.

"கையப் பாரு கைய! நகமெல்லாம் கருப்பு! என் சின்னப் பிள்ளை பாடுபட்டு அவங்கப்பா வண்டிக்கு உயிர் குடுத்திருக்கான். நீ பக்கத்துல நின்னு கரியப் பூசிக்கிட்டா நீயும் மெக்கானிக்கா? இன்னிக்கு ஒர்க் ஷாப் முதலாளி அவனப் பாக்க வர்றாரு. அவர் முன்னாடி வந்து நிக்காத!"

"சரிங்க அத்தை."

இரண்டு வருடமாக இந்த "சரிங்க அத்தை"யைச் சொல்லிச் சொல்லி அவள் நாக்கே தேய்ந்திருந்தது.

நடந்தது இதுதான். மாமனார் ஓட்டிய மோட்டார் சைக்கிள் அவர் காலத்துக்குப் பிறகு கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்குள் துருப்பிடித்துக் கிடந்தது. வேலை பறிபோன கொழுந்தன் ஒருநாள் வீறாப்பாக அதைப் பிரித்துப் போட்டான். எட்டாவது நாள் வீறாப்பு தீர்ந்து கட்டிலில் சுருண்டு படுத்துவிட்டான். இன்ஜின் முதல் வாஷர்வரை எல்லாம் தரையில் கிடந்தன. அவள் கணவனோ லாரி டிரைவர், மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பவன்.

அவள் தையல்காரி. பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவள். பிரித்ததைச் சேர்க்காமல் விட அவளால் முடியாது. மிச்சத் துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்து, போல்ட்டுகளை அவற்றில் போட்டு, எது எந்த இடத்துக்கு என்று நூலின் நிறத்தால் அடையாளம் வைத்தாள். தெரியாததை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேட்டாள். பிஸ்டன் ரிங்கை மாற்றினாள். வயரிங்கைப் புதிதாக இழுத்தாள். பெட்ரோல் டேங்கை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை வீங்கியது. பழைய சீட்டு பிடிக்காமல் வேறு வெட்டித் தைத்தாள், ஹேண்டிலையும் வளைத்து மாற்றினாள்.

வண்டி முதல்முறை உறுமியபோது தெருவே எட்டிப் பார்த்தது. "பலே தம்பி!" என்று பக்கத்து வீட்டுக்காரர் கொழுந்தனின் முதுகில் தட்டினார். அவன் மறுக்கவில்லை. அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு அவன் வயிறாரச் சாப்பிட்டான்! மாமியார் அதைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குமேல் உண்மையைச் சொல்ல மருமகளுக்கு வாய் வரவில்லை. போகட்டும், பேர்தானே... பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

சொன்னபடி பத்து மணிக்கு முதலாளி வந்தார். நரைத்த மீசை, அதிகம் பேசாத மனிதர். வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். சீட்டின் தையலைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார்.

"பழைய வண்டிங்களப் புதுப்பிக்கிற வேலை முழுக்க உங்ககிட்ட விடலாம்னு இருக்கேன் தம்பி. எங்க, ஸ்டார்ட் பண்ணுங்க பாப்போம்."

கொழுந்தன் ஏறி உட்கார்ந்தான். ஆறடி ஆள். முழங்கால் இரண்டும் ஹேண்டிலில் முட்டின. உதைத்தான். வண்டி இருமக்கூட இல்லை. மறுபடி உதைத்தான். பத்து... இருபது... சட்டை தொப்பலாக நனைந்தது. நேற்று அண்ணி ஸ்டார்ட் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுக்க வந்தபோது, "இது எனக்குத் தெரியாதா அண்ணி?" என்று சிரித்தவன்தான்! இருபத்தொன்றாவது உதைக்கு கிக்கர் திருப்பி அடிக்க, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு குதித்தான்.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொழுந்தனுக்கு முகம் வெளுத்தது.

"அண்ணிதான் சார்... காலைல துடைக்கிறேன்னு எதையோ நோண்டிக் கெடுத்துட்டாங்க!"

மருமகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் ஆவேசமாகத் திரும்பினாள்.

"அடிப்பாவி! இப்பத்தான் அவன் தலை நிமிர்றான்... அவன் வாயில மண்ணப் போட்டுட்டியே! உனக்கு நாங்க என்னடி குறை வச்சோம்? நல்லா இருந்த வண்டியக் கெடுத்துட்டியே!"

அதுவரை பொறுத்தவள் வாசற்படியை விட்டு இறங்கினாள்.

"என்னை என்ன வேணா சொல்லுங்க அத்தை... திருடின்னுகூடச் சொல்லுங்க! வண்டி கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. அது கெடல!"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கை நீட்டியதும் ஹேண்டில் தானாக வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. கிக்கரை மெல்ல அழுத்தினாள். மின்சாரம் காட்டும் மீட்டரின் முள் நடுவுக்கு வந்தது. இன்ஜினின் அழுத்தத்தைத் தளர்த்த ஹேண்டிலில் இருந்த சின்ன லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, இரண்டையும் விட்டாள். பிறகு ஒரே உதை.

டப்... டப்... டப்... டப்!

முற்றம் அதிர்ந்தது. முதலாளி சிரித்தே விட்டார்.

"வந்ததுல இருந்து மண்டையக் குடைஞ்சிட்டிருந்தது தம்பி. ஆறடி ஆளு கட்டின வண்டில சீட்டு எதுக்கு இவ்வளவு தாழ்வா இருக்கு, ஹேண்டில் எதுக்கு இவ்வளவு கிட்ட இருக்குன்னு! இது இந்தம்மா அளவுக்குத் தச்ச வண்டி."

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. யாருடைய அளவு என்று யோசிக்காமல் கைப்பழக்கத்தில் அளவு டேப்பைத் தன்மேல் வைத்தே அளந்திருக்கிறாள்! இன்ஜினை அணைத்தாள்.

கொழுந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அம்மா... நான் ஒரு போல்ட்கூட மாட்டலம்மா. எல்லாம் அண்ணி! எனக்காக வாயத் தொறக்காம இருந்தாங்க. நான் அவங்க மேலயே பழியப் போட்டேன்... நான் மனுஷனா அண்ணி?"

"எழுந்திருங்க தம்பி... அழாதீங்க," என்றாள் அவள்.

மாமியார் மகனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வந்து மருமகளை இறுகக் கட்டிக்கொண்டு கதறினாள். "ரெண்டு வருஷமா உன்னைக் கரிச்சுக் கொட்டினேனே... ஒரு தடவை எதிர்த்துப் பேசக்கூடாதா? ஏண்டி இப்படி இருந்தே?"

"தம்பி சாப்பிட்டாரு அத்தை... அது போதும்னு இருந்துட்டேன்."

முதலாளி தொண்டையைச் செருமினார். "திங்கக்கிழமை வர்றீங்களாம்மா? அந்தப் பொறுப்பு உங்களுக்குத்தான்."

"வர்றேன் சார். தம்பியும் வருவாரு. பிரிக்கிறதுல கெட்டிக்காரரு. சேக்கிறத நான் சொல்லித் தர்றேன்!"

கொழுந்தன் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டான். "ஸ்பேனர் எடுத்துக் குடுக்கக்கூட வர்றேன் அண்ணி."

மாமியார் கண்ணைத் துடைத்து, புடவையைச் சரிசெய்து, யார் கையையும் பிடிக்காமல் மருமகளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க போகணும் அத்தை?"

"தெரு முழுக்க என் பிள்ளை கட்டின வண்டின்னு பீத்திக்கிட்டு வந்திருக்கேன்ல? எடு வண்டிய. ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் நிறுத்து. நான் உள்ள போய்த் திருத்திச் சொல்லிட்டு வர்றேன்!"

அன்று அந்தத் தெருவைக் கடக்க அவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. முப்பத்தாறு வீடுகள். முப்பத்தாறு முறையும் வண்டி ஒரே உதையில் கிளம்பியது.