இருபதாம் எடை

காலை எட்டு மணிக்கு நான் எடைச்சாவடியைத் திறக்கும்போதே துறைமுகத்து ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்பார்கள். பிறந்த மாதம் வந்துவிட்டால் யாரும் தப்ப முடியாது. எடைமேடையில் ஏறி, கையில் அழுத்தப்பட்டையைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்குவார்கள். மூச்சை அடக்கினால் எடை குறையும் என்று இந்த 2091இலும் நம்புகிறார்கள், பாவம்.

குண்டா ஒல்லியா என்பதல்ல சட்டம். இருபது வயதில் நீங்கள் எவ்வளவு இருந்தீர்களோ, அதுதான் உங்கள் இருபதாம் எடை. அதற்குமேல் பத்து கிலோ ஏறிவிட்டால் ஆறு மாதம் ஓய்வகம். மாத்திரை, நடை, உப்பில்லாச் சோறு. உயிர் தப்பிக்கும். வேலை அடுத்தவருக்குப் போய்விடும்.

அன்று ஏறியவர் ஞானதுரை. மறுநாள் துறைமுகத் தலைவராகப் பதவியேற்க இருந்தவர். பார்த்தால் குண்டு என்று சொல்ல மாட்டீர்கள். இருபதாம் எடை ஐம்பத்துநாலு, இப்போது எழுபது. ரத்த அழுத்தம் 190; அது பதிவுக்கு மட்டும்தான், சீட்டு எடையைப் பார்த்துத்தான் வரும்.

கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, பழைய எடைய மட்டும் கொஞ்சம் ஏத்திப் போட முடியாதா? பதவி ஏத்துக்கிட்ட பெறவு நானே நடந்து கொறச்சிருதேன்."

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் இதே நாற்காலியில் இருந்தவர் அவர். கப்பல்கள் குவிந்து கிடந்தன, கிரேன் ஓட்ட ஆளில்லை. என் கணவர் லியோனின் இருபதாம் எடையை எட்டு கிலோ ஏற்றிப் போட்டு வேலைக்கு அனுப்பினார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, கிரேன் கூண்டிலேயே செத்தார் லியோன். நாற்பத்தொரு வயது. அதற்குப் பிறகுதான் அந்தத் திருத்தம் எனக்குத் தெரியவந்தது. இந்தாள் என்றைக்காவது என் மேடையில் ஏறுவார் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன்.

பதிவைத் திருத்தும் உரிமை என் கட்டைவிரலுக்கு உண்டு. வைத்தேன். ஐம்பத்துநாலு அறுபத்திரண்டானது. பச்சைச் சீட்டு வந்து விழுந்தது.

"நீ நல்லாருக்கணும்மா."

"கிரேன் லியோன் பொண்டாட்டி சார் நான். அவுகளுக்கும் இதே எட்டு கிலோதான் ஏத்துனீய."

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கிழிச்சுப் போடுங்க. இப்பமே ஓய்வகத்துக்கு எழுதித் தாரேன். பொழச்சுக்கிடுவீய. பதவிதான் போவும்."

சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லியோன்... அதுக்கப்புறம் எத்தன நாள் இருந்தான்?"

"நாலு மாசம்."

சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

கதவைத் திறந்தார். வெளியே அவர் மனைவி காத்திருந்தார்.

"என்னங்க, பாஸாயிட்டியளா?"

அவர் தலையசைத்ததும் அந்த அம்மா கண்கலங்கி, உள்ளே இருந்த என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். லியோன் பச்சைச் சீட்டோடு வெளியே வந்த அன்று, நானும் ஞானதுரையை இப்படித்தான் கும்பிட்டேன்.