ஒரு நூல் பெரிசு

மேசையை ஏற்றிக்கொண்டு போகக் கீர்த்தனி வந்து இறங்கியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம்கூடத் தாண்டவில்லை. ஆனால் கார்த்திகை மாதத்து மழைக்கு மத்தியானம் என்ன, மாலை என்ன? கொட்டியாரக் குடாவுக்கு மேலே வானம் கரிச்சட்டியின் அடிபோல இருண்டு கிடந்தது. றம்ஸானின் சின்ன லொறி துறைமுகத்துக் கரையோரமாக உறுமிக்கொண்டே வந்து, தவராசாவின் விடுதிக்குப் பின்னால் இருந்த நீளமான அறையின் முன்னே நின்றது. அறைக்குப் பின்பக்கம் ஒரு பழைய மர இறங்குதுறை. அதற்கப்பால் கடல். அங்கே கரையிலிருந்து ஓர் அடி விலகினாலே ஆழம்தான்.

அவள் நன்றியோடுதான் வந்திருந்தாள். பாவம், அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அறை தவராசாவுடையது. அதற்குள் இருந்த, கோலால் பந்தை அடித்துக் குழிக்குள் விழுத்துகிற பூல் மேசை அவள் கணவன் சசியுடையது. இருவரும் கூட்டாக நடத்தினார்கள். மூன்று வருசத்துக்கு முன், ஊரில் பலர் களவாகப் படகு ஏறிக்கொண்டிருந்த காலத்தில், சசி ஒருநாள் வீடு திரும்பவில்லை. தவராசாதான் வந்து வாசலில் நின்று செய்தி சொன்னான்.

"அவுஸ்திரேலியாவுக்கெண்டு போயிட்டான் தங்கச்சி. உங்களிட்டச் சொன்னா அழுவீங்களெண்டு சொல்லாமப் போனவன். இருங்கோ, வருவான்."

பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு புதுக் கதை வந்தது. ஈச்சிலம்பற்றுப் பெடியன் ஒருத்தன் அவனை மலேசியாவில் கண்டானாம். இன்னொருத்தன் குரலைக் கேட்டானாம். கடைசியில் எப்போதும் அதே வார்த்தை: இருங்கோ, வருவான். அவளும் இருந்தாள். பொட்டு அழியாமல், தாலி கழற்றாமல், வேறொரு வாழ்க்கையைப் பற்றிப் பேச வந்தவர்களோடு மல்லுக்கு நின்று இருந்தாள். இருக்கிறானா, இல்லையா? அந்த ஒரு சொல் கிடைத்தால் போதும், அழுவதா சிரிப்பதா என்று அவள் முடிவெடுத்துக்கொள்வாள்.

போன கிழமை தவராசா தொலைபேசியில் அழைத்தான். "மேசையக் கொண்டு போங்கோ தங்கச்சி. அது சசியின்ர. எனக்கு வேண்டாம்."

நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது பார்த்தால் ஆள் பாதியாக வற்றிப் போயிருந்தான். மேசை இருந்த பக்கமே வராமல், கதவோரம் ஒரு கதிரையில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அறையில் மழை வாசனையை மீறி வேறொரு வாடை. வற்றுக்கடலின் சேற்று வாடை.

"பழுதோ அண்ணை?" என்று கேட்டாள்.

"அது வெள்ளைய விழுங்குது," என்றான் தவராசா. "விழுத்தினா வெளியில வராது. ஒவ்வொரு தரமும் திறப்புப் போட்டுத் திறக்கவேண்டிக் கிடக்கு."

றம்ஸான் சிரித்துவிட்டான். கிண்ணியாக்காரன், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல அவள் 'நானா' என்று கூப்பிடுகிறவன், சசியோடு இதே மேசையில் வருசக்கணக்காக விளையாடியவன். மேசைமேல் கிடந்த வெள்ளைப் பந்தை எடுத்து ஒரு நிறப் பந்தோடு சேர்த்துவைத்துப் பார்த்தான்.

"இது சின்னன் தங்கச்சி. காசு போட்டு விளையாடுற மேசைக்கு வெள்ளை கொஞ்சம் பெரிசா இருக்கோணும். நிறமெல்லாம் இடுக்கால விழுந்து வயித்துக்குள்ள போய்ப் பூட்டுப்பட்டுடும். வெள்ளை மட்டும் அந்த இடுக்குல விழாம, உருண்டு முன் வாயால வரும். இது மத்ததுகளோட ஒரே அளவு. பின்ன எப்பிடி வாறது?"

காட்டுவதற்காகப் பந்தை மூலைக்குழிக்குள் போட்டான். அது கடகடவென்று ஓடி, 'டொக்' என்று உள்ளே எங்கோ விழுந்து அடங்கியது. முன் வாய் வெறுமையாகவே இருந்தது.

"பழசு ஒரு நூல் பெரிசு," என்றாள் கீர்த்தனி. தச்சன் கணக்கில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சசி அடிக்கடி சொல்வான்.

அந்தப் பழைய வெள்ளையை அவளுக்குத் தெரியும். அது இல்லாமல் யாரும் விளையாட முடியாதென்பதால், கடை பூட்டியதும் சசி அதைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். குசினியில், அரிசி அளக்கிற சுண்டுக்குள் அது தூங்கும். காலையில் அரிசி அளக்க அவள்தான் அதை எடுத்து வெளியே வைப்பாள். ஒருநாள் கைதவறி அம்மியில் விழுந்து, நகம் பதிந்ததுபோல ஒரு வடு. சசி அன்று முழுக்க அவளோடு கதைக்கவில்லை.

"அது எங்க அண்ணை இப்ப?"

"அவன் கொண்டு போயிருப்பான்," என்றான் தவராசா, நிலத்தைப் பார்த்து.

படகு ஏறி நாடு விட்டுப் போகிறவன் எதற்குப் பூல் பந்தைக் கட்டிக்கொண்டு போகிறான்? அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது. றம்ஸான் மேசை தூக்க இரண்டு ஆட்களைக் கூட்டிவருவதாகச் சொல்லி லொறியை எடுத்துக்கொண்டு போனான்.

மின்சாரம் நின்றது.

மழையும் சட்டென்று விட்டது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும்.

பிறகு மேசைக்குள் ஏதோ உருளத் தொடங்கியது.

வேகமாக அல்ல. நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவளைப்போல, பாரமாக, ஆறுதலாக. மூலையிலிருந்து நடுவுக்கு. நடுவிலிருந்து முன்னுக்கு.

தவராசா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தான். "எலி," என்றான். "எலி தங்கச்சி."

முன் வாயில் வெள்ளையாக ஒன்று வந்து நின்றது.

அதிலிருந்து தண்ணீர் வடிந்தது. பாசி ஒரு நூலாக ஒட்டியிருந்தது. கீர்த்தனி கையில் எடுத்தாள். எடுத்த கணமே உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. விரல் தானாகத் தேடிப்போய் அந்த வடுவைத் தொட்டது. ஆனால் பாரம்! ஒரு அம்மிக்குழவியின் பாரம் அந்தச் சின்ன உருண்டைக்குள் இருந்தது.

"இது அவற்ர," என்றாள்.

"இல்லை." தவராசாவின் குரல் கிறீச்சிட்டது. "அது வராது. அதை நான் என்ர கையாலயே கடலுக்க எறிஞ்சனான்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே விளங்கியது.

மூன்று வருசமாகக் கட்டிவைத்திருந்த ஏதோ ஒன்று அவளுக்குள்ளே அறுந்து விழ, அது விழுந்த இடத்தில் நெருப்புப் பற்றியது. தவராசா பாய்ந்து வந்து பந்தைப் பறித்தான். யன்னலைத் திறந்து தூர வீசினான். தண்ணீரில் அது விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது.

மேசைக்குள் மறுபடி உருண்டது.

இந்தமுறை மேசையின் கால்கள் முனகின.

முன் வாயில் பந்து. தண்ணீரோடு இப்போது சேறும் வடிந்தது. தவராசா ஒரு கையால் எடுக்கப் பார்த்தான், ஏலவில்லை. இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, வாய்க்குள் ஏதேதோ புலம்பியபடி இறங்குதுறைக்கு ஓடினான். சுவரில் சாத்தியிருந்த கோல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவளும் பின்னால் போனாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

இறங்குதுறையின் நுனியில் நின்று அவன் கைகளை உதறினான். பந்து விழவில்லை.

விரல்கள் திறக்கவில்லை.

முதலில் முதுகு குனிந்தது. பிறகு முழங்கால் மடிந்தது. பிறகு யாரோ கீழேயிருந்து கையைப் பிடித்து இழுத்ததுபோல, தலைகீழாகப் போனான்.

ஒருதரம் மேலே வந்தான். எப்படியோ ஒரு கை விடுபட்டிருந்தது. மற்றக் கை தண்ணீருக்குள் நேராகக் கீழே நீண்டிருந்தது. "தங்கச்சி! கை தாங்கோ!"

அவள் கோலை நீட்டினாள். அவன் பற்றிக்கொண்டான்.

"என்ன செய்தனீங்கள் அவரை?"

"கூட்டை முறிச்சு மேசைய நிலாவெளிக்குக் கொண்டு போறன் எண்டு நிண்டவன்... கோவத்தில... பந்தைத் துவாயில சுத்தி... ஒரே ஒரு அடிதான் தங்கச்சி... கடலுக்க விழுந்திட்டான்... இழுங்கோ, ஏலாமக் கிடக்கு..."

"விழேக்க உயிர் இருந்ததோ?"

அவன் வாயில் கடல் புகுந்து வெளியே வந்தது.

"இருந்தது. கீர்த்தனி பாத்துக்கொண்டு இருப்பாள், என்னைத் தூக்கு மச்சான் எண்டவன்."

மூன்று வருசமாக வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தவள் அவள். இருங்கோ, வருவான் என்று சொல்லிச் சொல்லி இருத்தியவன் இவன்.

அவள் விரல்களைத் திறந்தாள். அவளுடைய விரல்கள் திறந்தன.

தண்ணீர் மூடிக்கொண்டது. கோல் மட்டும் தனியே மேலே வந்து மிதந்தது.

அவள் அறைக்குத் திரும்பியபோது முன் வாயில் வெள்ளைப் பந்து இருந்தது. காய்ந்திருந்தது. எடுத்தால், சட்டைப்பையிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோல ஒரு மெல்லிய சூடு. பாரமும் பழைய பாரம்தான். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள்.

றம்ஸான் ஆட்களோடு வந்தான். "தவராசா எங்க தங்கச்சி?"

"கடலுக்கப் போயிட்டார்."

றம்ஸான் அவள் கையிலிருந்த பந்தைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். மழையில் கால் வழுக்கி விழுந்திருப்பான் என்று ஊர் முடிவு கட்டியது. உடல் மூதூர்ப் பக்கம் ஒதுங்கியபோது வலது கை மட்டும் எதையோ பிடித்தபடி மூடியிருந்ததாகவும், பிரித்துப் பார்த்தால் உள்ளே சேறுதான் இருந்ததாகவும் சொன்னார்கள்.

கீர்த்தனி பொட்டை அழித்தாள். உடல் இல்லாமலே சசிக்குச் செய்யவேண்டியதைச் செய்தாள். வெள்ளைப் பந்து குசினியில் சுண்டுக்குள் தன் இடத்துக்கு வந்துவிட்டது. மேசை முன்னறையில், ஒரு படுக்கைவிரிப்பால் மூடிக் கிடக்கிறது. யாரும் விளையாடுவதில்லை.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம் றம்ஸான் வந்திருந்தான். தேத்தண்ணீர் பாதி குடித்தபோது மேசைக்குள் சத்தம் கேட்டது. லேசான உருளல். ஒற்றைப் பந்து. இங்கும் அங்கும், சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு மூலையாகத் தட்டித் தட்டி. கடைசியில் முன் வாய்க்கு உட்புறம் வந்து இடித்தது. மறுபடி இடித்தது.

றம்ஸான் கோப்பையைக் கீழே வைத்தான். "அந்தச் சின்ன வெள்ளை," என்றான் மெல்ல. "நான் போட்டது. உள்ளுக்கே கிடக்கு. திறப்பு எங்க தங்கச்சி? திறந்து எடுத்து எறிஞ்சிடுவம்."

"திறப்பு துலைஞ்சு போச்சு நானா."

அவன் போனபிறகு அவள் விளக்கை எடுத்துக்கொண்டு மேசையருகே வந்தாள். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த மேசைப் பூட்டின் திறப்பை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே இடிப்பது நின்று, ஈரமான ஒரு மூச்சு இழுபட்டது.

கீர்த்தனி குனிந்து, முன் வாயருகே முகத்தை வைத்தாள்.

"இருங்கோ அண்ணை," என்றாள். "திறப்பு வரும்."