மூன்றாவது கைவீச்சு

வலக்கை விழுந்தால் ஒரு சளப். இடக்கை விழுந்தால் ஒரு சளப். இன்று மூன்றாவதாக ஒன்று கேட்டது.

எவனோ ஊர்க்காரன் பின்னால் வருகிறான் என்று தேவநாதன் நினைத்துக்கொண்டான். வரட்டுமே. சிதம்பரத்து நீச்சல் குளத்தில் மூன்று வருடமாக அவனை முந்த ஆளில்லை. எருமை வாலைப் பிடித்து நீச்சல் பழகிய புவனகிரிப் பக்கத்து ஆளா முந்தப் போகிறான்? ஞாயிற்றுக்கிழமை கடலூரில் கடல் நீச்சல் போட்டி. போன வருடம், 2007இல், இரண்டாவதாக வந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. அதற்காகத்தான் விடிந்தும் விடியாமலும் இந்தப் பட்டிக்காட்டு ஏரியில் இறங்கியிருந்தான்.

இறங்கும்போதே மதகு பார்க்கும் காத்தவராயன் வந்து நின்றார்.

"சார், நடு ஏரில மூஞ்சிய தண்ணிக்குள்ள உடாதீங்க. நாங்க தலைய தூக்கிக்கினுதான் நீந்துவோம்."

"எருமை மாதிரியா?"

"ஆமா சார். எருமைக்குச் சொன்னா புரியும்."

"யோவ், போய் மதகைப் பாருய்யா."

இப்போது நடு ஏரி. பனி கரையை விழுங்கியிருந்தது. பாசியும் அழுகிய தாமரைத் தண்டும் கலந்த வாடை மூச்சுக்கு மூச்சு மூக்கில் ஏற, எங்கோ ஒரு நீர்க்கோழி கத்தி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டது. தேவநாதன் கைவீச்சை நிறுத்தி, மிதந்தபடியே திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. நீந்தினான். சளப். சளப். சளப்.

சத்தம் பின்னாலிருந்து வரவில்லை. அடியிலிருந்து.

நீச்சல் கண்ணாடி வழியே கீழே பார்த்தான். கலங்கிய பச்சைக்குள் ஒருவன் கூடவே நீந்திக்கொண்டிருந்தான். முதலில் கண்ணில் பட்டது முழங்கைதான். ஸ்டைல் தப்பு. சீ, எந்த மடையன் சொல்லிக்கொடுத்தான்? முழங்கை உள்ளே மடங்க வேண்டும்.

இது வெளியே மடங்கியது.

அப்புறம்தான் உறைத்தது. அது மல்லாந்திருந்தது. முகம் மேலே. அவன் முகத்துக்கு நேராக. ஒரு சாண் தூரம். வாய் திறந்திருந்தது. ஒரு குமிழிகூட இல்லை.

தலையைத் தூக்கினான். அடித்தான். கை, கால், எது எங்கே போகிறது என்றே தெரியாமல் அடித்தான். ஸ்டைலாவது ஒன்றாவது. பனி கிழிந்தது. கரை. படிக்கட்டு. காத்தவராயன்.

"சார்! கால ஊனாதீங்க! படி வரைக்கும் நீந்தியே வாங்க!"

மார்பளவுத் தண்ணீர். படிக்கு இருபதடிதான். மார்பளவில் எவனாவது நீந்துவானா? முட்டாள்.

ஊன்றினான்.

சேறு இல்லை. வெதுவெதுப்பு. பாதத்துக்கு அடியில் ஓர் உள்ளங்கை. ஒட்டினாற்போல் இன்னொன்று. அப்பால் இன்னொன்று. தரை முழுக்க.

விரல்கள் மடங்கின. நோகாமல் பிடித்தன. கால் ஓரடி பின்னால் நகர்ந்தது. அங்கிருந்த கை வாங்கிக்கொண்டது. அடுத்த கைக்குக் கொடுத்தது.

கத்த வாய் திறந்தான். தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது. கரையைப் பார்த்தபடியே, நிமிர்ந்து நின்றபடியே, தேவநாதன் நடு ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தான்.